முதலில் கதிர்வீச்சு, அப்புறம்தான் ஆபரேஷனா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. சில மாதங்களாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டார். இப்போது கொலனோஸ்கோப்பி செய்ததில், ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் மலக்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் டி3 (கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறது) என்றும், பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருக்கலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். கல்லீரல், நுரையீரலில் எதுவும் இல்லை. கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்த பிறகே ஆபரேஷன், மொத்தம் ஏழெட்டு மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். ஆனால் என் பெரியப்பாவுக்குக் குடல் புற்றுநோய் வந்தபோது ஒரே வாரத்தில் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருந்தால் பரவிவிடாதா? மூன்று சிகிச்சையும் வேண்டும் என்றால் நோய் கைமீறிவிட்டது என்று அர்த்தமா? அப்பாவிடம் இன்னும் மூலம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பெரியப்பாவுக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. அவருடைய பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பெருங்குடல் என்று இருக்கும். அப்பாவுக்கு வந்திருப்பது மலக்குடலில். இரண்டையும் நாம் குடல் புற்றுநோய் என்றே சொல்கிறோம். ஆனால் அவை இருக்கும் இடம் வேறு, அதனால் சிகிச்சையின் வரிசையும் வேறு.

பெருங்குடல் வயிற்றுக்குள் ஓரளவு தாராளமான இடத்தில் இருக்கிறது. கட்டியோடு சேர்த்து இரண்டு பக்கமும் நல்ல குடலையும், அதற்கு ரத்தம் கொண்டுவரும் பகுதியையும் அகலமாக வெட்டி எடுக்க முடியும். அதனால் அங்கே பெரும்பாலும் முதலில் ஆபரேஷன்தான். மலக்குடல் என்பது கடைசி 15 செ.மீ. அளவுள்ள பகுதி. அது இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆண்களுக்கு அதன் முன்னால் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும், பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதியும் இருக்கின்றன. பக்கவாட்டில் ஓடும் நரம்புகள்தான் சிறுநீர் கழிப்பதையும் தாம்பத்திய உறவையும் நடத்துகின்றன. சர்ஜன் நினைத்த அளவுக்கு அகலமாக வெட்ட அங்கே இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் ஓரத்தில் தங்கிவிட்டால், அதே இடத்தில் நோய் திரும்ப வரும். இடுப்புக்குள் திரும்ப வந்த புற்றுநோய் தாங்க முடியாத வலி தரக்கூடியது, மறுபடி எடுப்பதும் மிகக் கடினம். அந்த நிலைமை வராமல் தடுப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

முன்பெல்லாம் மலக்குடல் ஆபரேஷன் செய்தவர்களில் நான்கில் ஒருவருக்கோ, சில இடங்களில் அதற்கும் மேலேயோ நோய் அதே இடத்தில் திரும்பியது. 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர சர்ஜன் பில் ஹீல்ட், மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு கிழியாமல் முழுசாக எடுக்கும் முறையை விவரித்தார். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இன்றும் உலகம் முழுக்க அதுதான் ஆபரேஷன் முறை. அதோடு கதிர்வீச்சு சேர்ந்தபோது இன்னும் குறைந்தது.

சரி, கதிர்வீச்சை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கக்கூடாதா? ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள். ஜெர்மனியில் 800க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி இதை நேரடியாகவே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2004இல் வெளிவந்தன. ஆபரேஷனுக்கு முன்னால் கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்களில் ஐந்து வருடத்துக்குள் 6 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. பின்னால் பெற்றவர்களில் 13 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகளும் முன்னால் பெற்றவர்களுக்கே குறைவு. உயிர் பிழைத்திருந்தவர்களின் விகிதம் மட்டும் இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதற்குக் காரணங்கள் உண்டு. கதிர்வீச்சு நன்றாக வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். கத்தி படாத திசுவில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கும், ஆபரேஷன் ஆன இடத்தில் தழும்பு விழுந்து அது குறைந்துவிடும். மலக்குடலை எடுத்த பிறகு காலியான இடத்தில் சிறுகுடல் இறங்கி உட்கார்ந்துவிடும், அப்போது கதிர்வீச்சு கொடுத்தால் அதற்கும் அடி. முன்னாலேயே கொடுத்துவிட்டால், கதிர்வீச்சு பட்ட மலக்குடலைத்தான் எடுக்கப்போகிறோம், மேலிருந்து இறக்கி இணைக்கும் நல்ல குடலில் பெரும்பகுதி கதிர்வீச்சு படாததாக இருக்கும்.

கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை அம்மா. சிகிச்சை முதல் நாளே தொடங்கிவிடுகிறது. கதிர்வீச்சோடு சேர்த்துத் தரும் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை, கதிர்வீச்சால் அடிபட்ட புற்றுசெல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள விடாமல் தடுக்கிறது. அதனால்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கிறோம். கதிர்வீச்சு முடிந்த பிறகும் பல வாரங்களுக்குக் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் ரத்தக் குழாய் வழியாகக் கீமோ கொடுத்து, உடம்பில் வேறெங்காவது ஸ்கேனுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கக்கூடிய செல்களைத் தாக்குகிறார்கள். முன்பு இந்தக் கீமோவை ஆபரேஷனுக்குப் பிறகு வைத்திருந்தோம். பெரிய ஆபரேஷன் முடிந்து களைத்துப்போனவர்களில் பலரால் அதை முழுசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் திட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். சில மருத்துவமனைகளில் ஐந்தரை வாரம், 28 முறை கதிர்வீச்சு தருவார்கள். சில இடங்களில் ஒவ்வொரு முறையும் கூடுதல் அளவாக ஐந்தே நாளில் கொடுத்துவிட்டுக் கீமோவுக்குப் போய்விடுவார்கள். இரண்டும் ஆராய்ச்சியில் நிற்கும் வழிகள்தான். எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதை ஒட்டி நிற்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

நோய் கைமீறிவிட்டதா என்ற பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியபடி பார்த்தால் இது மூன்றாம் நிலை. முழுசாகக் குணப்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு சிகிச்சை தரும் நிலை. நோய் தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டவர்களில் பலருக்கு இப்படி மூன்றையும் வரிசையாகத் திட்டமிடவே மாட்டோம், பெரும்பாலும் மருந்தோடு நின்றுவிடுவோம். ஆகவே மூன்று சிகிச்சை சொன்னது நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டியது. உறவினர்கள் குழம்புவதில் ஆச்சரியமில்லை, இந்த வரிசை ஒவ்வொரு கட்டிக்கும் மாறுகிறது. வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஆபரேஷன் முதலில், கதிர்வீச்சு பிறகு. வெட்டிய ஓரத்தில் நோய் இருந்தாலோ நிணநீர் முடிச்சின் உறையை உடைத்து வெளியே வந்திருந்தாலோ சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். சற்று முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனே கிடையாது, கதிர்வீச்சும் வாராவாரம் சிஸ்பிளாட்டினும்தான். மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்ப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1970களிலேயே அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்கு ப்ளியோமைசினையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அண்ணன், தம்பி இருவருக்கும் குடலில் புற்றுநோய் என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். இது தற்செயலாகவும் இருக்கலாம், பரம்பரையாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற கோளாறாகவும் இருக்கலாம். அப்பாவின் பயாப்ஸித் துண்டிலேயே எம்.எம்.ஆர். என்ற பரிசோதனை செய்யலாம். செல்லின் மரபணுவில் வரும் பிழைகளைத் திருத்தும் புரதங்களில் குறைபாடு இருக்கிறதா என்று அது காட்டும். செய்தாயிற்றா என்று கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன் கேளுங்கள். ஏன் அவசரம் என்றால், மலக்குடல் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இந்தக் குறைபாடு உள்ளவையாக இருக்கும், அவற்றுக்கு வழி வேறு. நியூயார்க்கில் இப்படிப்பட்ட 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்தை மட்டும் கொடுத்ததில் 12 பேருக்குமே கட்டி மறைந்ததாக 2022இல் அறிவித்தார்கள். மருந்து விலை அதிகம், எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும் பரிசோதனை செய்துவிட வேண்டும். அதில் குறைபாடு தெரிந்தால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மரபணு ஆலோசனை தேவைப்படும். தெரியாவிட்டாலும், அப்பாவுக்கே இந்த நோய் வந்திருப்பதால், 40 வயதிலிருந்து நீங்கள் கொலனோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது.

கதிர்வீச்சும் கீமோவும் முடிந்ததும் சிலருக்குக் கட்டியே தெரியாமல் போய்விடும். 1974இல் டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ என்ற சர்ஜன் இதைத்தான் கண்டார். அவருடைய நோயாளிகளுக்கு இருந்தது ஆசனவாய்ப் புற்றுநோய், வேறு வகைக் கட்டி. ஆபரேஷனுக்கு முன் இரண்டு மருந்தும் குறைந்த அளவு கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு வெட்டி எடுத்துப் பார்த்தால், எடுத்த துண்டில் புற்றுநோயே இல்லை. இன்று அந்த வகைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் செய்வதே இல்லை. மலக்குடலில் இதே வழியை பிரேசிலின் சாவோ பாவ்லோவில் டாக்டர் ஆஞ்செலிட்டா ஹாப்ர்-காமா முயன்று பார்த்தார். கட்டி முழுசாக மறைந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்யாமல் நெருக்கமாகக் கண்காணித்தார். அப்பாவுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வரலாம். வந்தால் அதற்கு ஒரு விலை உண்டு. இப்படிக் கண்காணிக்கப்படுபவர்களில் நான்கில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள், கட்டி மறுபடி முளைக்கிறது. விரல் பரிசோதனை, குழாய் விட்டுப் பார்ப்பது, எம்.ஆர்.ஐ. எல்லாம் சில மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் நடந்தால் அதைப் பிடித்து ஆபரேஷன் செய்துவிடலாம்.

அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கதிர்வீச்சு முடிந்த சில வாரத்தில் ரத்தம் நின்றுவிடும், மலம் சுலபமாகப் போகும், பசி வரும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பல குடும்பங்கள் “நன்றாகத்தானே இருக்கிறார், எதற்குக் கத்தி?” என்று வராமல் நின்றுவிடுகின்றன. பிறகு அவர்கள் வரும்போது நோய் பல மடங்கு வளர்ந்திருக்கும். ஆபரேஷன் வேண்டாம் என்ற முடிவைப் பரிசோதனைகளைப் பார்த்து டாக்டர் குழு எடுக்கட்டும். ரத்தம் நின்றதை வைத்து வீட்டில் எடுக்காதீர்கள்.

மலப் பை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா கேட்பார். 6 செ.மீ. உயரம் என்றால் ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை இணைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இணைப்பு ஆறும்வரை சில மாதங்களுக்கு வயிற்றில் தற்காலிகப் பை வைப்பார்கள், பிறகு மூடிவிடலாம். மூடிய பிறகு ஒரு நாளைக்குப் பல முறை மலம் போவது, அடக்க முடியாமல் ஓடுவது எல்லாம் ஆரம்பத்தில் இருக்கும். பலருக்கு ஒரு வருடத்தில் கணிசமாகக் குறையும், சிலருக்கு ஓரளவு நீடிக்கும். நரம்பு பாதிப்பு, தாம்பத்தியம் பற்றியும் அவர் சர்ஜனிடம் தனியாகப் பேச ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள். மகள் பக்கத்தில் இருந்தால் அந்தத் தலைமுறை மனிதர் வாய் திறக்க மாட்டார்.

சிகிச்சை நாட்களில் வீட்டில் கவனிக்க வேண்டியவை. கேப்சிடபினைச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ, நெஞ்சு வலித்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். ரத்தக் குழாய் வழியாகத் தரும் கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இருந்தால், அது ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர், ஐஸ், ஃபிரிட்ஜில் கைவிடுவது எதுவும் கூடாது, தொண்டையும் விரல்களும் மரத்துப்போகும். கீமோ காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்க வேண்டாம், இரவானாலும் கிளம்புங்கள். நாட்டு மருந்து, சத்து மாத்திரை எது எடுத்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரைகூட கேப்சிடபினின் நச்சுத்தன்மையைக் கூட்டும். பட்டினி போட்டால் புற்றுநோய் சாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று அவருக்கு இறங்குவதைக் கொடுங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் இந்தக் கதிர்வீச்சு உடம்பில் தங்காது, பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். செலவு விஷயத்தில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகள் வருகின்றன. உங்கள் குடும்பம் அதில் இருந்தால் கார்டைக் கொண்டுபோய் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

கடைசியாக, மூலம் என்று சொல்லி வைத்திருப்பது. அன்பினால் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூலத்துக்கு 28 நாள் கதிர்வீச்சு வைக்க மாட்டார்கள் என்று காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரரே அவருக்குச் சொல்லிவிடுவார். மாத்திரையை ஒழுங்காகப் போடுவது, காய்ச்சலை மறைக்காமல் சொல்வது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர்தானே செய்ய வேண்டும்? சிகிச்சை தொடங்குவதற்கு முன், டாக்டரின் அறையில் வைத்தே சொல்லிவிடுங்கள். “அப்பா, கட்டி இருக்கிறது, அது புற்றுநோய்தான், வேறெங்கும் பரவவில்லை, குணமாக்கத்தான் சிகிச்சை தருகிறார்கள்” என்ற அளவு முதலில் போதும். அப்புறம் அவர் என்ன கேட்கிறாரோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடியாவிட்டால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.