லெட்டூஸ் ஸ்லக் வெளுத்துப் போகுது, லைட்டைக் கூட்டலாமா?

மரைன் டேங்க்ல பச்சைப் பாசி தொல்லை தாங்காம லெட்டூஸ் ஸ்லக் (ஓடில்லாத கடல் நத்தை) ஒண்ணு வாங்கி விட்டிருக்கீங்க, மூணு வாரத்துல பாதியா சுருங்கி வெளுத்துப் போச்சு, வெளிச்சத்துலயே சாப்பாடு செஞ்சுக்கும்னு சொல்லித்தானே குடுத்தாங்க, லைட்டைக் கூட்டட்டுமான்னு கேட்டிருக்கீங்க. வேணாங்க. முதல்ல சந்தேகப்பட வேண்டியது பட்டினியைத்தான்.

இது பாசியை மேயுற ஜாதி இல்ல, உறிஞ்சுற ஜாதி. நாக்குல ஒரே வரிசைப் பல்லு, ஒரு நேரத்துக்கு ஒரு பல்லுதான் வேலை செய்யும், இளநீரைக் குத்தி ஸ்ட்ரா போடுற மாதிரி பாசி செல்லைக் குத்தி உள்ள இருக்கிறதை இழுத்துக்கும். அதுல வர்ற குளோரோபிளாஸ்ட்டை, அதாவது வெளிச்சத்துல சாப்பாடு செய்யுற பச்சைத் துணுக்கை மட்டும் செரிக்காம தன்னோட செல்லுக்குள்ள வச்சுக்கும், நீங்க பாத்த பச்சை அதுதான். கொஞ்ச நாள் அது வேலையும் செய்யும், ஆனா பழுது பாக்க பாசி செல்லோட நியூக்ளியஸ் (மரபணு இருக்கிற உட்கரு) கூட வரலையே, திருட்டு வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத கதைதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில இருக்கிற எலிசியா குளோரோட்டிகா 9, 10 மாசம் தாங்கும், அந்தக் கதையைச் சொல்லியே எல்லா ஸ்லக்கையும் வித்துடுறாங்க. உங்களது கரீபியன் கடல் எலிசியா கிரிஸ்பேட்டா, அதுக்கு அடிக்கடி புதுசா பாசி வேணும். இன்னொண்ணு, 2014ல வேற ரெண்டு இனத்தைப் பட்டினி போட்டு இருட்டுலயும் வெளிச்சத்துலயும் வச்சுப் பாத்தாங்க, ரெண்டு பக்கமும் உயிரோட இருந்துச்சு, எடையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறைஞ்சுச்சு. லைட்டுக்கு அவ்ளோதாங்க மரியாதை.

இப்ப உங்க பாசியைக் கொஞ்சம் பிச்சு விரல்ல தேய்ச்சுப் பாருங்க. இறகு மாதிரி கிளைச்சு தண்ணிய விட்டு எடுத்ததும் தொவண்டுச்சுன்னா பிரையாப்சிஸா இருக்கலாம், அதோட இழைக்குள்ள குறுக்குச் சுவர் கிடையாது, ஒரு குத்துல நிறைய சாறு, ஸ்லக்குக்கு விருந்து. கம்பி மாதிரி சொரசொரன்னு இருந்தா கிளாடோபோராவா இருக்கும், அந்தப் பாசியை நம்பி ஸ்லக்கை விடாதீங்க. கண்ணாடில படியுற பிரவுன் தூசி, சிவப்பு சளிப் படலம் ரெண்டையும் தொடவே தொடாது. தெரிஞ்சவங்க டேங்க்ல பிரையாப்சிஸ் இருந்தா ஒரு கல்லோட வாங்கி தனி டப்பால வளத்து, ஸ்லக்கையும் அதுலயே விட்டுடுங்க.

மெயின் டேங்க்லயே வைக்கிறதா இருந்தா பம்ப் வாய்க்கெல்லாம் ஸ்பாஞ்ச் மாட்டுங்க, என்னோட முதல் ஸ்லக் அலை கிளப்புற வேவ்மேக்கர் பம்ப்ல மாட்டி, காலைல மிக்சில போட்ட கொத்தமல்லி மாதிரி கிடந்துச்சு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தாலும் அதே டேங்க்ல காப்பர் மருந்து ஊத்திடாதீங்க, மீன் பிழைக்கும், இது செத்துரும்.