சூடு எப்படிக் கடக்கிறது? கேட்டவர்களுக்குப் பதில்

உயர்தர மாணவி, நல்லூர்: சேர், காலமை வகுப்பறையில் இரும்புக் கதிரை குளிர்கிறது, பக்கத்து மர வாங்கு குளிரவில்லை. மரம் அவ்வளவு சூடாகவா இருக்கிறது?

இல்லை பிள்ளை. இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்தவை. வெப்பமானி இரண்டிலும் ஒரே அளவுதான் காட்டும். உங்கள் கைத்தோல் கிட்டத்தட்ட 33 பாகை. அறை 26 என்றால் சூடு கையிலிருந்துதான் வெளியே போகும். இரும்பின் வெப்பக் கடத்தாறு, அதாவது சூட்டைக் கடத்தும் திறன், மீற்றர் கெல்வினுக்கு ஏறத்தாழ 80 வாற்று, மரத்தினுடையது 0.15 அளவு. இரும்பு சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். மரத்தில் தொட்ட இடம் மட்டும் கொஞ்சம் சூடேறி அதோடு நின்றுவிடும். சூடு போகிற வேகத்தைத்தான் தோல் குளிர் என்று உணர்கிறது. அதே கதிரையை மத்தியான வெயிலில் முற்றத்தில் வைத்துத் தொட்டால் கை சுடும்.

இல்லத்தரசி, சாவகச்சேரி: சில்வர் சட்டியில் பால்கறி நடுவில் மட்டும் அடிப்பிடிக்கிறது. அலுமினியத்தில் இப்படி இல்லையே?

சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத உருக்கின் கடத்தாறு சுமார் 15. அலுமினியத்துக்கு 200க்கு மேல். சூடு பக்கவாட்டில் பரவாமல் நெருப்புப் படும் இடத்திலேயே தேங்குகிறது அக்கா. அடியில் அலுமினியத் தட்டு சேர்த்த சட்டி வாங்குங்கள். அதுவரை நெருப்பைக் குறைத்து, அகப்பையை விடாமல் துழாவுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: ஐயா, தகரக் கூரைக்குக் கீழே மினுங்கும் அலுமினியத் தாள் வைத்து, ஒட்டினாற்போல் பலகை அடித்தோம். பங்குனி வெயிலில் வீடு அப்படியே வேகிறது. தாள் போலியா?

தாளில் பிழையில்லை தம்பி, இடைவெளிதான் இல்லை. அந்தத் தாள் கதிர்வீச்சாக வரும் சூட்டைத்தான் தடுக்கும். அதற்கு அதன் ஒரு பக்கமாவது காற்றைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டிருந்தால் சூடு தொடுகையாலேயே கடந்துவிடும். பலகையை ஓரிரு அங்குலம் கீழே இறக்கி அடியுங்கள்.

அசையாத காற்றின் கடத்தாறு வெறும் 0.026. கிடுகு வீடு குளிர்ச்சியாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம்: ஓலைகளை மேலுக்குமேல் வேயும்போது இடையிடையே காற்று அடைபட்டு நிற்கிறது. தடிப்பு இருமடங்கானால் கடக்கும் சூடு பாதியாகும். 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெளியிட்ட விதி அது. தகரமோ அரை மில்லிமீற்றர் அளவுதான்.

அவரே: அப்போ தகரத்துக்கு மேலே கிடுகு போடலாமா?

தாராளமாக. உள்ளே போடுவதைவிட அதுவே நல்லது, வெயில் தகரத்தில் விழவே விழாது. சோளகக் காற்றுக்குப் பறக்காதபடி இறுக்கிக் கட்டுங்கள். குசினிப் பக்கம் மட்டும் வேண்டாம், ஒரு பொறி பட்டாலே ஓலை பிடித்துவிடும்.