விரல் சூடும் மைக்ரோவோல்ட்டும்

கேள்வி: ஆறரை இலக்க பெஞ்ச் மல்டிமீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட்டில் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகச் சிறிய மின்தடை; 100 ஆம்பியர் ஓடினால் 75 மில்லிவோல்ட் தரும்) 50 மில்லிஆம்பியர் செலுத்தினால் 37.5 மைக்ரோவோல்ட் வர வேண்டும். காலையில் 41, மதியம் 44. மின்விசிறி ஓடினால் எண்கள் நிற்பதே இல்லை. மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: கொடுக்காதீர்கள். கம்பி முனையில் இருப்பதைத்தான் மீட்டர் காட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஷன்ட்டோடு சேர்ந்து, நீங்கள் வைக்காத சின்னச் சின்ன மின்கலங்களும் அந்தச் சுற்றில் உட்கார்ந்திருக்கின்றன.

28 ஆண்டுகள், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் காலிபிரேஷன் அறையில் வேலை பார்த்தவன் நான். சேர்ந்த முதல் வாரத்தில் என் மூத்தவர் செய்யச் சொன்ன சோதனையை உங்களுக்கும் சொல்கிறேன். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு, ஒரு கிளிப்பை மட்டும் இரண்டு விரல்களால் பத்து விநாடி பிடித்திருங்கள். எண் மெல்ல ஏறும், அல்லது இறங்கும். விரலை எடுத்த பிறகும் உடனே திரும்பாது. உலோகம் ஆறும் வேகத்தில்தான் திரும்பும். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் சூடு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821இல் சீபெக் கண்டது இதைத்தான். செம்பும் ஈயப்பற்றும் சேர்ந்தால் ஒரு டிகிரிக்கு ஒன்றிலிருந்து மூன்று மைக்ரோவோல்ட். செம்பும், செம்பு-நிக்கல் கலவையான கான்ஸ்டன்டனும் என்றால் சுமார் 40. செம்போடு சேர்ந்தால் மிகக் குறைவாகவே மின்னழுத்தம் தரும் மாங்கனின் என்ற கலவையை ஷன்ட்டுக்கு விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கறுத்துப்போன செம்போ இன்னும் மோசம்: ஆக்சைடு படிந்த இணைப்பில் டிகிரிக்கு 1000 மைக்ரோவோல்ட் வரை போகும்.

ஆகவே முலாம் பூசிய கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கி, முனைகளை நுண்ணிய உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். ஷன்ட்டில் பெரிய போல்ட்டுகள் மின்னோட்டத்துக்கு; பக்கத்தில் இருக்கும் சிறிய திருகுகள்தான் அளவுக்கு. கம்பியை அங்கே இறுக்குங்கள். மறுமுனையை மீட்டர் முனையில் நேராகவே மாட்டுங்கள். பிறகு ஷன்ட்டையும் இணைப்புகளையும் ஓர் அட்டைப் பெட்டியால் மூடி, மீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு அளங்கள். பெட்டி போட்டதுமே மின்விசிறித் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

மீட்டருக்குள் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். தானியங்கி வரம்பை விட்டுவிட்டு 100 மில்லிவோல்ட் வரம்பில் நிறுத்துங்கள். மீட்டர் தன் சொந்தப் பிழையைத் தானே அளந்து கழிக்கும் ஆட்டோ ஜீரோ இயங்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. மீட்டர் 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் இருந்தால் மின்கம்பி இரைச்சல் சரியாகக் கழிவதில்லை. அதைச் சரிபார்த்து, மீட்டர் ஒவ்வோர் அளவையும் 10 சுழற்சிகளுக்காவது சராசரி எடுக்கும்படி வையுங்கள். 100 இருந்தால் இன்னும் நல்லது. ஓர் எண்ணுக்கு இரண்டு விநாடி, ஆட்டோ ஜீரோவும் சேர்ந்தால் சுமார் நான்கு விநாடி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் சில மைக்ரோவோல்ட் மிச்சம் இருக்கும். அதை விரட்டப் பார்க்காதீர்கள், கழித்துவிடுங்கள். மின்னோட்டத்தை ஒரு திசையில் செலுத்தி அளங்கள்: +41.2 என்று வைத்துக்கொள்வோம். திசையைத் திருப்பி அளங்கள்: –33.8. வித்தியாசம் 75.0, அதில் பாதி 37.5. ஷன்ட்டின் மின்னழுத்தம் திசையோடு திரும்புகிறது, இணைப்பின் மின்னழுத்தம் திரும்புவதில்லை. அதனால் அந்த 3.7 தானாக விழுந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 50 மில்லிஆம்பியரில் ஏன் இந்தப் பாடு? 5 ஆம்பியர் தரும் சப்ளை கிடைத்தால் அதே ஷன்ட்டில் 3.75 மில்லிவோல்ட் வரும். நான்கு மைக்ரோவோல்ட் பிழை அப்போது ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஷன்ட்டில் பிறக்கும் சூடு 20 மில்லிவாட்டைக்கூடத் தொடாது.

எந்த வழியில் செய்தாலும் திசையை சப்ளை பக்கத்தில் மாற்றுங்கள். மீட்டர் கம்பியைக் கழற்றி மாட்டினால் விரல் சூடு மறுபடி ஏறிவிடும். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான்.