கழித்த கிலோவையும் எழுதுங்கள்

அன்பின் ஐயா,

நான் பொகவந்தலாவையைச் சேர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். எங்கள் தோட்டத்து லயத்து ஆட்கள் குடிக்கும் 5 பீலிகளின் (மலைத் தண்ணீர் விழும் குழாய்கள்) தண்ணீரை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து, ஈ.கோலை பற்றீரியா இருக்கிறதா என்று பரிசோதித்தேன். இப்போது ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். முன்னுரை மட்டும் 6 பக்கம் வந்துவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. இன்னொரு பிரச்சினை. மலசலகூடங்களுக்குக் கீழே இருக்கும் பீலிதான் மோசமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மேலே, தேயிலைக்குள் இருக்கும் பீலியில்தான் எண்ணிக்கை கூட. அதை விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் எழுதலாமா?

– ஒரு மாணவி

அன்பின் தங்கச்சி,

அந்த 6 பக்கத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். ‘உயிர்கள் வாழ நீர் இன்றியமையாதது’ என்றுதான் தொடங்கியிருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தொடங்கினேன். கட்டுரையை வாசிக்கும் ஒழுங்கில் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முறையியலில் தொடங்குங்கள். செய்த வேலையைச் சொல்ல யாருக்கும் பேச்சு முட்டாது.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு 18 கிலோ காட்டும், துண்டில் 16 விழும். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்பார்கள். நல்ல வெயில் நாளிலும் ஈரத்துக்கு ஒன்று போகும். “ஈரம் இருந்தா கழிக்கட்டும், எவ்வளவு ஈரமுன்னு யாரு பாத்தா?” என்று வீட்டுக்கு வந்து பொருமுவார். முறையியல் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வரும்.

ஆகவே எல்லாவற்றையும் எழுதுங்கள். போத்தலைக் கிருமியழித்தது எப்படி, பீலியில் எத்தனை தடவை பிடித்தீர்கள், ஐஸ் பெட்டி ஆய்வுகூடம் போய்ச்சேர எத்தனை மணித்தியாலம். பஸ் பிந்தி ஒரு நாள் மாதிரி கெட்டுப்போய் வீசினீர்கள் என்றால் அதையும். ‘மழைக்குப் பின்’ என்பது போதாது. எத்தனை மில்லிமீற்றர் மழை, விட்டு எவ்வளவு நேரம் கழித்து? ‘மழைக்காலம்’ என்று எழுதுவது இன்னும் மோசம். ஜூலையில் வட்டவளையில் ஊற்றும், பண்டாரவளையில் கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும். உங்கள் கட்டுரையை வைத்துக்கொண்டு பண்டாரவளைப் பிள்ளை ஒன்று இதே வேலையைச் செய்யப் பார்த்தால் தடுமாறக் கூடாது.

அடுத்தது பெறுபேறுகள். முதலில் அட்டவணை, பிறகு அதைச் சுற்றி நாலு வசனம், அவ்வளவுதான். ‘மழைக்குப் பின் எண்ணிக்கை கூடியது’ என்பது பெறுபேறு. ‘மழை மலசலகூடக் குழியிலிருந்து அடித்துக்கொண்டு வந்தது’ என்பது உங்கள் ஊகம், அதன் இடம் கலந்துரையாடல். இந்த இரண்டும் கலந்துவிட்ட கட்டுரைகளை வாசித்து வாசித்து எனக்குக் கண் வலிக்கிறது. ‘குறைவு’, ‘பரவாயில்லை’ போன்ற சொற்களிலும் கவனம். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ.கோலைகூடத் தென்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அப்படிப் பார்த்தால் உங்கள் ‘குறைவான’ பீலியும் குடிக்கத் தகாததாக இருக்கலாம்.

சரி, மேலே இருக்கும் பீலிக்கு வருவோம். விடக் கூடாது. விட்டால் நீங்களும் மடுவத்துத் தராசுதான்.

கோப்பி இலைத்துரு நோய் இந்த மலைகளில் 1869இல் தெரியவந்தது. அதை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்தார். துரைமார் எதிர்பார்த்தது மருந்து. இரண்டு வருடம் பாடுபட்டும் மருந்து கிடைக்கவில்லை. அந்தப் பூஞ்சணம் இலைக்குள் எப்படி நுழைகிறது, அதன் வித்துகளைக் காற்று எப்படிக் கொண்டுபோகிறது என்று கண்டதை எழுதிவைத்துவிட்டு 1882இல் திரும்பிப் போனார். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, நாமும் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறினோம். கேட்டதைக் கொடுக்காத அந்த மனிதர் 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார்.

உங்கள் கருதுகோள் பிழைத்த இடத்தில்தான் கட்டுரையே இருக்கிறது. அந்தப் பீலிக்கு மேலே மாடு மேய்கிறதா? ஈ.கோலை மாட்டின் குடலிலும் உண்டு. அப்புறம், காலையிலிருந்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் அவசரத்துக்கு எங்கே போகிறார்கள்? அங்கே ஒரு மலசலகூடம் இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்க முடியாவிட்டால் ‘இருக்கலாம்’ என்று போடுங்கள், வெட்கமில்லை.

முன்னுரையைக் கடைசியில் ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள், சுருக்கத்தை அதற்கும் பிறகு. ஆங்கிலம் மறித்தால் முதலில் தமிழில் எழுதிவிட்டு மாற்றுங்கள். உசாத்துணையில் நீங்கள் வாசித்தவை மட்டும் வரட்டும். சாட்ஜிபிடியிடம் கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், வருடம், பக்கம் எல்லாம் போட்டுத் தரும்.

கட்டுரை எப்போது முடிகிறதோ முடியட்டும். 5 பீலி ஆட்களிடமும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி இந்தக் கிழமையே சொல்லிவிடுங்கள்.