முகம் உருண்டையானால் மூளையில் கட்டியா?

கேள்வி: வயது 46. நீடாமங்கலம் பக்கம் கிராமம். ஒரு வருடமாக உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது, முகம் உருண்டையாகிவிட்டது. முடி கொட்டுகிறது, தூக்கமில்லை, மாதவிலக்கு இரண்டு மாதம்கூடத் தள்ளிப் போகிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்தால் இப்படி ஆகும் என்று மகள் யூடியூப் பார்த்துச் சொல்கிறாள். ஹார்மோன் பேக்கேஜ் டெஸ்டில் தைராய்டுக்கான டி.எஸ்.எச். 5.8, டி4 நார்மல், காலை கார்டிசால் 1.4. எம்.ஆர்.ஐ. எடுக்கவா? மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறேன். போன மாதம் வேளாங்கண்ணி போனபோது அதை எடுத்துப்போக மறந்து நாலு நாள் விட்டுவிட்டேன். தலை கிறுகிறுத்து வாந்தி வந்தது. ஊருக்கு வந்து மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது.

பதில்: எம்.ஆர்.ஐ. வேண்டாம் அம்மா, பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் பயப்படுகிற அந்தக் கட்டி இருந்தால், மிஞ்சினால் முகத்தை உருண்டையாக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறித்தான் இருக்கும். காலையில் எடுத்தால் பெரும்பாலும் 5-க்கு மேல் இருக்கவேண்டியது, உங்களுக்கு 1.4-ல் கிடக்கிறது. முகத்தைப் பார்த்தால் கார்டிசால் மிஞ்சியவர், ரத்தத்தைப் பார்த்தால் கார்டிசால் வற்றியவர். இரண்டும் ஒருவருக்கே வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, வெளியிலிருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான். அதை நீங்களே ‘மட்டும்தான்’ போட்டு எழுதிவிட்டீர்கள்.

அந்தச் செட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் நடவுக்கும் களைக்கும் குனிந்தே முட்டி தேய்ந்த பெண்கள் கொண்டுவந்து காட்டும் கவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அட்டையிலிருந்து பெயர் தெரியாதபடி வெட்டிய ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டிதான் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற, கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டுகளில் ஒன்றாக இருக்கும். டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராம் என்பது பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். உடம்பு ஒரு நாள் முழுக்கச் சுரக்கும் கார்டிசாலின் வேலையை ஏறக்குறைய அதுவே செய்துவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. இரண்டு வேளையில் வலி பறந்துவிடுவதால் கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் வேறு! பெயரே தெரியாத மாத்திரையை ஒரு வருடம் விழுங்கிவிட்டு, முகம் உப்பியதற்கு யூடியூபில் காரணம் தேடுவதை என்னவென்று சொல்வது?

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேளாங்கண்ணி விஷயம்தான் எனக்குக் கவலை. சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள்தான் கார்டிசால் சுரப்பவை. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி அவற்றுக்கு உத்தரவு கொடுப்பதை நிறுத்திவிடும், அவையும் சுருங்கிவிடும். தூர்ந்த வாய்க்காலில் மேட்டூர் திறந்த அன்றே தண்ணீர் ஓடாது, இல்லையா? நாலு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தபோது உங்களுக்கு வந்த கிறுகிறுப்பும் வாந்தியும் பயணக் களைப்பு என்று நான் நினைக்கவில்லை. உடம்பில் கார்டிசால் இல்லை என்ற அறிகுறி அது. அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்திருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி மயங்கி விழுந்திருப்பீர்கள். உயிரே போகலாம்.

அதனால் இதைப் படித்த கோபத்தில் கவரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாத்திரையை ஒரு வேளைகூட நீங்களாக விடவேண்டாம். நாளைக்கே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். கவரையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் கடைக்காரரிடமே எழுதி வாங்குங்கள், முணுமுணுத்தாலும் பரவாயில்லை. அங்கே தெரிந்த ஒரு மருந்துக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார்கள். வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். முகம் மெல்ல மெல்ல இறங்கிவிடும். இடையில் வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு, ‘ஸ்டீராய்டு சாப்பிடுகிறவள்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் உடனே போடவேண்டியிருக்கும்.

மற்றபடி, உடம்பு பெருத்த எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் தேவையில்லை. ஸ்டீராய்டு மிஞ்சியதற்கான சில அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ முடியாமல் போகிறதா? குடத்தின் விளிம்பு லேசாக இடித்தாலே கன்றிப் போகிறதா? வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா வரிகள் தெரிகிறதா? பிள்ளை பெற்ற வயிற்றில் இருக்கும் வெளிறிய வரிகளைச் சொல்லவில்லை, அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

முடி கொட்டுவதும் தூக்கம் கெடுவதும் தனியாக விரட்டவேண்டிய விஷயங்கள் இல்லை. 46 வயதில் மாதவிலக்கு தள்ளிப் போவதும் சகஜம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டும் பார்த்துவிடுங்கள், ஸ்டீராய்டு இரண்டையும் ஏற்றும். தைராய்டு விஷயத்தில் அவசரமே வேண்டாம். கார்டிசால் குறைந்திருந்தாலே டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு யாராவது தைராய்டு மாத்திரை ஆரம்பித்தால், இருக்கிற கொஞ்சநஞ்ச கார்டிசாலும் வேகமாகச் செலவாகிவிடும். கார்டிசாலைச் சரிசெய்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பரிசோதித்தால் போதும். கேட்காத பரிசோதனைகளை எல்லாம் ஒரே பேக்கேஜில் கட்டி விற்பவர்கள் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை.

ஸ்டீராய்டு குறையக் குறைய முட்டி வலி திரும்ப வரும், சொல்லிவிடுகிறேன். பலரும் மறுபடி கடைப்படி ஏறுவது அந்த வாரத்தில்தான். அதனால் முதல் நாளே முட்டியையும் காட்டி, பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியைப் பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையை ஸ்டூலுக்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது இதே செட்டை வாங்குகிறார்கள் என்றால் அவர்களையும் கையோடு கூட்டிப்போங்கள்.