பகடிப் பாடலுக்கு யாரிடம் அனுமதி பெறுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் 'வியர்ட் ஆல்' யான்கோவிக், புகழ்பெற்ற பாடல்களின் மெட்டில் வேடிக்கையான வரிகளை எழுதிப் பாடுபவர். சட்டம் கேட்காவிட்டாலும் மூலக் கலைஞரிடம் அனுமதி பெற்ற பிறகே அவர் பாடலை வெளியிடுவார் என்று படித்தேன். இது மரியாதைக்காக மட்டும்தானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மரியாதையும் உண்டு, ஆனால் மரியாதை மட்டும் என்று சொல்வதற்கில்லை. அவருடைய ரசிகர்கள் பெரிதாகக் கொண்டாடும் இந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் சட்டம் சார்ந்த முன்னெச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு 1994 மார்ச் 7 அன்று வந்தது. ராய் ஆர்பிசனும் வில்லியம் டீஸும் எழுதி 1964-இல் வெளிவந்த 'ஓ, பிரெட்டி உமன்' பாடலை '2 லைவ் க்ரூ' என்ற ராப் குழு பகடி செய்ய விரும்பி, உரிமை வைத்திருந்த அக்கஃப்-ரோஸ் நிறுவனத்திடம் அனுமதி கேட்டது; நிறுவனம் மறுத்தது; குழு 1989-இல் பாடலை வெளியிட்டே விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி டேவிட் சூட்டர் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, விற்பனைக்காகச் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு பகடி 'நியாயமான பயன்பாடு' (உரிமையாளரின் அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்ற பாதுகாப்பை இழந்துவிடாது என்றும், அனுமதி கேட்டு மறுக்கப்பட்டது என்பதைப் பகடி செய்தவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளக் கூடாது என்றும் கூறியது. ஆனால் அந்தக் குழு வென்றது என்று நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிடவில்லை. மேலும் ஆராயும்படி வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. இரு தரப்பினரும் உரிமம் ஒன்றைப் பேசி முடித்துச் சமாதானமானார்கள்.

நம் கேள்விக்கு முக்கியமானது அதே தீர்ப்பில் உள்ள மற்றொரு வேறுபாடு. எடுத்துக்கொண்ட பாடலையே கிண்டல் செய்வது ஒன்று. அந்தப் பாடலின் மெட்டைக் கருவியாக வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள வேறொன்றைக் கிண்டல் செய்வது இன்னொன்று. முதல் வகைக்கு மூலப் பாடலைத் தொடாமல் வழியில்லை என்பதால் சட்டம் இடம் தருகிறது. இரண்டாவது வகைக்கு, இன்னொருவர் மெட்டை ஏன் கடன் வாங்கினீர்கள் என்ற கேள்விக்குத் தனியாக நியாயம் சொல்லியாக வேண்டும்.

யான்கோவிக்கின் பாடல்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 1992-இல் வந்த 'ஸ்மெல்ஸ் லைக் நிர்வாணா', நிர்வாணா குழுவின் பாடலில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்று அந்தப் பாடலையே கேலி செய்வது. அது முதல் வகை. மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' மெட்டில் 1984-இல் வந்த 'ஈட் இட்' சாப்பாட்டைப் பற்றியது. அதில் ஜாக்சனின் பாடலைப் பற்றிய விமர்சனம் என்று எதையும் தேடிப் பிடிக்க முடியாது. அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் பல இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அனுமதி இல்லாமல் வெளியிட்டு நீதிமன்றம் ஏறினால் தீர்ப்பு எப்படி வரும் என்று எந்த வழக்கறிஞரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அவர் கேட்கிறார். மூலப் பாடலாசிரியருக்கு உரிய ராயல்டி பங்கும் போய்ச் சேருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் அவர் நிலைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் ராப் பாடகர் கூலியோ ஏன் அவர்மீது கோபப்பட்டார்? அனுமதி பெறத் தவறிவிட்டாரா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பெற்றுவிட்டதாக நினைத்தார். யாரிடம் பெற்றார் என்பதில்தான் சிக்கல்.

கூலியோவின் 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' 1995-இல் வெளிவந்தது. மறுஆண்டு அதே மெட்டில், மின்சார வசதிகளையும் காரையும் ஒதுக்கி எளிமையாக வாழும் ஆமிஷ் மக்களைப் பற்றிய 'ஆமிஷ் பாரடைஸ்' பாடலை யான்கோவிக் வெளியிட்டார். கூலியோ சம்மதித்துவிட்டார் என்று இசை நிறுவனத்தின் தரப்பிலிருந்து அவருக்குச் செய்தி வந்திருந்தது. தாம் சம்மதிக்கவே இல்லை என்று கூலியோ வெளிப்படையாகச் சொன்னபோது பாடல் கடைகளுக்கு வந்துவிட்டது. தெருவில் மடியும் இளைஞர்களைப் பற்றிய தம் பாடல் வேடிக்கைப் பொருளாவதை அவர் விரும்பவில்லை. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், கூலியோவின் பாடலே ஸ்டீவி வொண்டர் 1976-இல் வெளியிட்ட 'பாஸ்டைம் பாரடைஸ்' மெட்டின்மேல் எழுந்ததுதான் என்பதையும், வசைச் சொற்கள் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வொண்டர் அனுமதி கொடுத்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். பின்னாளில் கூலியோவும் யான்கோவிக்கும் சமாதானமானார்கள். தாம் அன்று கோபப்பட்டது தவறு என்று கூலியோவே பேட்டிகளில் சொன்னார்.

இதற்குப் பிறகு, இடையில் இருப்பவர்களின் வாக்கை நம்பாமல் கலைஞரிடமே நேரில் பேசிச் சம்மதம் பெற யான்கோவிக் முயலத் தொடங்கினார். நிர்வாணா விஷயத்தில் அவர் முன்பே அப்படிச் செய்திருந்தார்: ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வந்திருந்த அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேனைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டார். பாடல் சாப்பாட்டைப் பற்றியதா என்று கோபேன் விசாரித்ததும், இல்லை, உங்கள் வரிகள் யாருக்கும் புரிவதில்லை என்பதைப் பற்றியது என்று இவர் சொன்னதும் சம்மதம் கிடைத்தது.

ஆனால் கலைஞரின் சம்மதம் மட்டும் போதாது என்பதையும் அவர் அனுபவத்தில் கண்டார். 2006-இல் ஜேம்ஸ் பிளண்ட் தம் பாடலைப் பகடி செய்ய முழுமனதோடு ஒப்புக்கொண்டார். அவருடைய அட்லாண்டிக் நிறுவனம் தடுத்தது. யான்கோவிக் அதை ஆல்பத்தில் சேர்க்காமல் இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டார். 2011-இல் லேடி காகாவின் மேலாளர், காகாவிடம் காட்டாமலேயே மறுத்துவிட, அந்தப் பாடலும் இலவசமாக வெளிவந்தது. அதைக் கேட்ட பிறகே விவரம் அறிந்த காகா மகிழ்ச்சியோடு அனுமதித்தார். மெட்டை இயற்றியவர், பாடியவர், ஒலிப்பதிவின் உரிமையாளர் ஆகியோர் வெவ்வேறு ஆட்களாக இருக்கும் தொழிலில், ஒருவருடைய 'சரி' மற்றவருடைய 'சரி' ஆகாது. யான்கோவிக்கின் குழுவினர் இசை முழுவதையும் தாங்களே புதிதாக வாசித்துப் பதிவு செய்வதால் மூல ஒலிப்பதிவின் மீதான உரிமைக்குள் அவர்கள் நுழைவதில்லை. பலர் கவனிக்காத நுட்பம் இது.

கேள்வி: அவருக்கு 'முடியாது' என்று சொன்னவர்கள் உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. பிரின்ஸ் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளவில்லை. பால் மெக்கார்ட்னி சைவ உணவுக்காரர் என்பதால், தம் பாடல் கோழிக்கறிப் பண்டத்தைப் பற்றியதாக மாறுவதை விரும்பவில்லை. இரண்டு முறை தாராளமாக அனுமதித்த ஜாக்சனும் இனவெறுப்புக்கு எதிரான 'பிளாக் ஆர் ஒயிட்' பாடலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மறுப்பு வந்த பாடல்களை யான்கோவிக் ஆல்பங்களில் சேர்ப்பதில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில், ஒரு திரைப்பாடலின் மெட்டில் விடுதிச் சாப்பாட்டைக் கிண்டல் செய்து பாடினோம். அதை யூடியூபில் ஏற்றலாமா?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: மேடையில் பாடியது வரைக்கும் கவலை இல்லை. கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக ஆசிரியர்களும் மாணவர்களும் நிகழ்த்துவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. உலகம் முழுவதும் பார்க்கும்படி ஏற்றுவதற்கு அந்த விலக்கு நீளாது.

கனடாவும் (2012) பிரிட்டனும் (2014) தங்கள் சட்டங்களில் பகடியைப் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டன. நம் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. 'விமர்சனம் அல்லது மதிப்புரை' என்ற விலக்கின் கீழ்தான் இடம் தேட வேண்டும். அதற்குத் துணை நிற்பது 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்கு. தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தின் காட்சிகளை எடுத்தாண்டு, அதற்கு மறுப்பாக சிவிக் சந்திரன் எழுதிய எதிர்நாடகத்துக்குத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. அந்த நாடகத்தை விமர்சிப்பதே நோக்கம் என்பது அங்கே கணக்கில் கொள்ளப்பட்டது. உங்கள் பாட்டு அந்தத் திரைப்பாடலை விமர்சிக்கவில்லை, விடுதிச் சாம்பாரைத்தான் விமர்சிக்கிறது. ஆகவே இந்தத் தீர்ப்பு உங்களுக்கு அவ்வளவாகக் கை கொடுக்காது. மேலும், தம் படைப்பைத் தமக்கு இழுக்கு வரும்படி சிதைப்பதை எதிர்க்கும் உரிமை 57-ஆம் பிரிவின்படி படைப்பாளருக்கு உண்டு. உரிமையை நிறுவனத்துக்கு விற்ற பிறகும் அது அவரிடமே இருக்கும்.

கரோக்கே இசையை ஓடவிட்டுப் பாடியிருந்தால் அந்த ஒலிப்பதிவுக்கும் தனி உரிமையாளர் இருப்பார், யூடியூபின் தானியங்கி முறையும் அதை எளிதில் கண்டுபிடித்துவிடும். திரைப்பாடல் உரிமை பெரும்பாலும் படத்தின் ஆடியோ நிறுவனத்திடம் இருப்பதால், பாடகருக்கோ நடிகருக்கோ எழுதாமல், புதிய வரிகளை இணைத்து அந்த நிறுவனத்துக்கே கடிதம் எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், மெட்டையும் உங்கள் விடுதியிலேயே யாராவது போடட்டும்.