கணவருக்கு மறதி நோய்: சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: என் கணவருக்கு 71 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக மறதி. இப்போது நடையும் தள்ளாடுகிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. பார்த்த நரம்பியல் டாக்டர், மூளையில் நீர் கோத்திருக்கலாம், முதுகுத் தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துப் பார்ப்போம், நடை தெளிந்தால் ஆபரேஷன் செய்து குழாய் வைக்கலாம் என்கிறார். நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி இறந்த பிறகு 1996-ல் எங்களுக்குத் திருமணம் நடந்தது. எனக்குக் குழந்தை இல்லை. சென்னையில் இருக்கும் மூத்த தாரத்து மகன், "நான்தான் வாரிசு, என்னைக் கேட்காமல் அப்பா மேல் ஊசி படக் கூடாது" என்று ஆஸ்பத்திரியிலேயே சத்தம் போட்டான். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செய்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த பத்திர எழுத்தர், "வீட்டை உங்கள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வாங்குங்கள், கூடவே ஒரு ஜெனரல் பவரும் (அவருக்குப் பதிலாகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) போட்டுவிடுங்கள், ஆஸ்பத்திரிக்கும் அதுவே போதும்" என்கிறார். வீடு என் கணவர் சம்பாதித்துக் கட்டியது. நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் முழுக் கடிதத்தில் முக்கால்வாசி மகனைப் பற்றியது. கல்யாணத்துக்கு அழைக்கவில்லை, பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை, இத்தனை வருடத்தில் உங்களை ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிடவில்லை. உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த நீதிமன்றமும் அதைக் காது கொடுத்துக் கேட்காது. கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: "காலையில் தெளிவாகப் பேப்பர் படிக்கிறார், சாயங்காலம் ஆனால் என்னையே யார் என்று கேட்கிறார்."

அப்படியென்றால் முதல் உரிமை உங்களுக்கும் இல்லை, மகனுக்கும் இல்லை. உங்கள் கணவருக்குத்தான். மறதி நோய் என்று சீட்டில் எழுதிவிட்டதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. "இந்த ஊசி எதற்கு, போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும்" என்பதைக் காலை ஒன்பது மணிக்குப் புரிந்துகொண்டு அவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னால், அந்தச் சொல்தான் செல்லும். டாக்டரை ஒரு காலை நேரத்தில் அவரிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். பேசியதையும், அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பதையும் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். டாக்டரின் கையெழுத்தில் இருக்கும் அந்த நாலு வரிக்கு முன்னால் மகனின் சத்தம் நிற்காது.

அவருக்குப் புரியவில்லை என்று டாக்டர் எழுதினால், அடுத்து நீங்கள். மனைவி என்பதாலேயே நீங்கள் சட்டப்படி காப்பாளர் ஆகிவிடவில்லை. இதைப் பலர் தெரிந்துகொள்வதில்லை. ஆனால் நோயாளியைப் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவரின் சம்மதத்தோடு, அவர் நன்மைக்காக, நல்லெண்ணத்தில் செய்யும் சிகிச்சைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 89-வது பிரிவாக இருந்தது. மருத்துவர்களின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளும் ஆபரேஷனுக்கு முன் சம்மதம் வாங்குவதைப் பற்றிச் சொல்லும்போது கணவன் அல்லது மனைவியைக் குறிப்பிடுகின்றன. வாரிசு என்ற தகுதியை வைத்துச் சிகிச்சையைத் தடுக்கும் அதிகாரம் மகனுக்கு எங்கும் கொடுக்கப்படவில்லை. ஆஸ்பத்திரி இரண்டு கையெழுத்துக் கேட்பது வழக்குக்குப் பயந்துதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது பரிசோதனை. குழாய் வைப்பது சிகிச்சை. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டையும் சேர்த்து அச்சடித்த ஒரே படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஊசிக்கு மட்டும் தனியாகக் கேளுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு ஆபரேஷனைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசலாம். ஊசிக்குப் பயந்து நீங்கள் மறுப்பதாக இருந்தால், காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மறுங்கள். தள்ளாடும் நடை, சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்து வரும் இந்த நிலைமை சிலருக்குச் சிகிச்சையில் தேறக்கூடியது. குணமாகக்கூடிய நோயைக் குணப்படுத்தவிடாமல் தடுத்தாள் என்று நாளை உங்கள் மேல் யாரும் எழுத இடம் வைக்காதீர்கள்.

இனி, நான் உண்மையில் பயப்படும் விஷயம். அந்தப் பத்திர எழுத்தர்.

அவர் சொன்ன வழியில் போய் என் அலுவலகத்தில் வந்து அழுதவர்கள் நிறையப் பேர். நடப்பது எப்போதும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் மனைவி, "இவருக்கு எதுவும் புரியாது டாக்டர், நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறார். அதே மாதத்தில் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்து, "நல்ல நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல்" என்ற வாசகத்தின் கீழே கணவரின் ரேகையை வைக்கிறார்கள். இரண்டு காகிதத்திலும் தேதி இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு சாட்சியே தேவையில்லை. கேஸ் ஷீட்டை வரவழைத்து, முப்பதுக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டிருக்கும் அந்த நினைவுத்திறன் பரிசோதனைத் தாளைக் காட்டி, குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அம்மா, நீங்கள் டாக்டரிடம் சொன்னது பொய்யா, சார்பதிவாளரிடம் சொன்னது பொய்யா?" எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒரு காகிதம் போய்விடும். பத்திரம் மட்டும் போனால் பரவாயில்லை. கணவருக்காக நீங்கள் எடுத்த ஒவ்வொரு மருத்துவ முடிவும் சொத்துக்காக எடுத்ததாகப் பேசப்படும். இத்தனை வருடம் உடனிருந்த மனைவியை நீதிபதி சந்தேகத்தோடு பார்க்கும் அந்த நேரத்தைச் சிலர் தாங்க முடியாமல் கூண்டிலேயே உடைந்து போயிருக்கிறார்கள்.

"எங்கள் சார்பதிவாளர் தெரிந்தவர், ஒன்றும் கேட்கமாட்டார்" என்பார் பத்திர எழுத்தர். எழுதிக் கொடுப்பவர் புத்தி சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் பதிய மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 35-வது பிரிவு சொல்கிறது. கேட்காமல் பதிந்துவிட்டாலும் பத்திரத்துக்கு உயிர் வந்துவிடாது. பதிந்தது, தோற்கும் வழக்கு ஒன்றுக்கான தொடக்கம், அவ்வளவுதான்.

பவர் இன்னும் மோசம். வெளிநாடுகளில், எழுதிக் கொடுத்தவர் நினைவு இழந்த பிறகும் செல்லும்படி பவர் எழுத முடியும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் முடியாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்ததும் பவர் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அது எப்போது தேவைப்படுமோ, சரியாக அப்போதுதான் அது செத்துப்போகும். ஆஸ்பத்திரிக்கும் அது உதவாது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். வீடு அவர் சம்பாத்தியம். அவர் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கும் பங்கு இல்லை, மகனுக்கும் இல்லை. அவருடைய தாயாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உயில் எழுதாமல் அவர் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மகனுக்குப் பாதி. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் பாதி உங்களுடையது. செட்டில்மெண்ட் எழுதி வாங்குவதால் கிடைக்கக்கூடியது மீதிப் பாதி. அந்தப் பாதிக்காகத் தோற்பதற்கு வாய்ப்பு அதிகமுள்ள ஒரு வழக்கையும், கணவரின் கடைசிக் காலத்தில் மகனோடு தீராத பகையையும் வாங்கிக்கொள்ளப் போகிறீர்களா? வேண்டாம்.

அவருடைய தெளிவான காலை வேளையை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, தனக்கு நியமனப் பிரதிநிதி, அதாவது மனநல சிகிச்சையில் தன் சார்பில் பேசுபவர், இன்னார் என்று ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைக்கலாம். நினைவையும் திசையறிவையும் குலைத்துத் தீர்ப்புத் திறனைப் பெரிதும் பாதிக்கும் கோளாறு அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. அதனால் மனநல டாக்டரின் மருந்து, மனநல மருத்துவமனையில் சேர்ப்பது போன்றவற்றில் உங்கள் குரல் முதலில் கேட்கப்படும். மூளை ஆபரேஷனுக்கோ வீட்டுக்கோ இந்தத் தாள் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். எழுதும் அன்று டாக்டர் அவரைப் பார்த்து, புரிந்துதான் எழுதுகிறார் என்று குறிப்பு எழுதட்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் எழுத வேண்டாம்.

அடுத்து மகன். அவரோடு சமரசமாகப் போய்விடுங்கள். நீங்கள் விரும்பாத ஆலோசனை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். வீட்டை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. அதை எழுதிக் கொடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை. அவர் அப்பாவைப் பற்றிய தகவலை அவருக்குக் கொடுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் ஆஸ்பத்திரி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஒரு பிரதி அவருக்கும் போகட்டும். பென்ஷன் வரவு, மருந்துச் செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மாதாமாதம் படம் எடுத்து அனுப்புங்கள். ஆபரேஷன் என்று வந்தால் டாக்டர் முன்னிலையில் அவரையும் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள், போனிலாவது. இவ்வளவும் செய்து அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தை வாங்கிவிட்டால் நீங்கள் பாதி ஜெயித்த மாதிரி.

இந்தச் சம்மதத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கணவரின் பெயரில் இருக்கும் பணத்தையோ சொத்தையோ சிகிச்சைக்காக எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலைமை ஒருநாள் வரலாம். அப்போது உங்களுக்கு இருக்கும் உருப்படியான வழி உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. 1890-ம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில் மனுப்போடலாம் என்று யாராவது சொன்னால், அது மைனர்களுக்கானது. சொத்துக்கு மேலாளர் நியமிக்க வழி வைத்திருந்த 1987-ம் ஆண்டு மனநலச் சட்டமும் போய்விட்டது, புதிய சட்டத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்கி, சிகிச்சைக்காக அவர் சொத்தை விற்க அனுமதித்தது. சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி தனி நீதிபதி திருப்பி அனுப்பிய வழக்கு அது. விற்ற பணத்தில் ஐம்பது லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. மறதி நோய்க்கும் அப்படியே கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்; உங்கள் கணவர் காலையில் பேப்பர் படிக்கிறவர். மருத்துவக் குழுவின் சான்று உறுதியாக இருக்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் வகுத்த நெறிமுறைகளில் வாரிசுகள் அனைவரின் விவரம், தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரியின் நேரடி விசாரணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எல்லாம் இருக்கின்றன. அப்படிப்பட்ட மனுவில் மகன் பிரமாணப் பத்திரம் போட்டு "ஆட்சேபணை இல்லை" என்றால் காரியம் ஓடும். எதிர்த்தால், உங்கள் கணவருக்கு மருந்து வாங்க வேண்டிய பணம் வழக்கு நடக்கும் காலம் முழுக்க முடங்கிக் கிடக்கும்.

முன்தேதி போட்டு எதையாவது எழுதிவைத்திருந்தால் அதை யாரிடமும் காட்டாமல், பத்திர எழுத்தரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு முதலில் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அது இல்லையென்றால், நாளைக் காலை செய்ய வேண்டியது டாக்டருக்கு ஒரு போன்: காலை நேரத்தில், மகனும் கேட்கும்படி, உங்கள் கணவரிடம் பேச ஒரு தேதி கொடுக்கச் சொல்லுங்கள்.